மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்? வான்தூரமும் பயண நேரமும் கணக்கிடும் வழி

டிக்கற்றில் இப்படி இருக்கும்: கொழும்பு புறப்பாடு 03:30, ரொறன்ரோ வருகை 14:00, இரண்டும் ஒரே திகதி. முதல் தடவை பயணம் போகிறவர் கழித்துப் பார்த்து, பத்தரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்துவிடுவார். அந்தப் பயணம் உண்மையில் 21 மணித்தியாலம். கல்லடியில் வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்திலிருந்து எண்ணினால் 35.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், நான்கு வெவ்வேறு கணக்குகளை ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் ஒன்று. விமானம் ஓடும் நேரம் ஒன்று. டிக்கற்றில் அச்சடித்த நேரம் வேறொன்று. வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை செல்லும் நேரம் இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டால், ஏஜென்சியில் கேட்கவேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

விமான நிலையத்தைச் சரியாகப் பிடியுங்கள்

தூரம் ஊருக்கும் ஊருக்கும் இடையில் இல்லை. விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையில். ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது. டிக்கற்றில் ‘கொழும்பு' என்று வரும் கட்டுநாயக்க சி.எம்.பி. இரத்மலானை ஆர்.எம்.எல். மட்டக்களப்பு பி.டி.சி. டுபாய் டி.எக்ஸ்.பி, தோஹா டி.ஓ.எச், லண்டன் ஹீத்ரோ எல்.எச்.ஆர், ரொறன்ரோ பியர்சன் வை.வை.இசட். மட்டக்களப்பு விமான நிலையத்துக்குக் குறியீடு இருந்தாலும் நெடுந்தூர விமானம் எதுவும் இங்கிருந்து புறப்படுவதில்லை. ஆகவே நமது கணக்கெல்லாம் சி.எம்.பியில் தொடங்கும்.

ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் தவறு வரும் இடங்கள் சில உண்டு. லண்டனுக்கு ஹீத்ரோ, கட்விக், லூட்டன், ஸ்டான்ஸ்டெட் என்று பல நிலையங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறவேண்டிய டிக்கற் வந்தால், இடையில் பிரித்தானியாவுக்குள் நுழைந்து வீதியால் போகவேண்டிவரும். கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது, ஒரு சிட்னியும் இருக்கிறது. கனடாவில் உள்ள உறவினர் ‘லண்டன்' என்று சொன்னால், ஒன்டாரியோவா இங்கிலாந்தா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிக்கற் எடுக்கும்போது பார்க்கவேண்டியது ஊர்ப் பெயரை அல்ல, அந்த மூன்றெழுத்தை.

தூரம்: நூலும் பூமிக்கோளமும்

சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் பிழையான விடைதான் வரும். உருண்டையைத் தட்டையாக விரித்த படம் அது. வடக்கே போகப் போக நாடுகள் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் பூமிக்கோளம் ஒன்று போதும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கோளம் என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 94 சென்ரிமீற்றர். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆகவே ஒரு சென்ரிமீற்றர் என்பது 425 கி.மீ. தையல் நூலின் ஒரு நுனியைக் கொழும்பில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மறு நுனியை ரொறன்ரோவில் வைத்து, நூல் தொய்யாமல் இழுங்கள். நூல் மேற்கே அரேபியாப் பக்கம் போகும் என்று எதிர்பார்ப்பீர்கள். அது வடக்கே வழுக்கி ஏறும்: இந்தியா, பாகிஸ்தான், கஸகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடகோடி, கிறீன்லாந்து, அதன்பிறகு கனடா. வட அகலாங்கு 72 பாகை வரை மேலேறித்தான் இறங்குகிறது. அந்த நூலை எடுத்து அடிமட்டத்தில் வைத்தால் 33 சென்ரிமீற்றர் இருக்கும். 425ஆல் பெருக்குங்கள்: 14,000 கி.மீ. இரண்டு இடங்களுக்கு இடையே பூமியின் மேற்பரப்பில் இதைவிடக் குறுகிய பாதை கிடையாது. இதைத்தான் பெருவட்டப் பாதை என்பார்கள்.

துல்லியமாக வேண்டும் என்றால் விஞ்ஞானக் கணிப்பான் எடுங்கள். உயர்தரக் கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. வேண்டியது இரண்டு நிலையங்களின் அகலாங்கு, நெட்டாங்கு மட்டும். கட்டுநாயக்க: வடக்கு 7.18, கிழக்கு 79.88. தோஹா: வடக்கு 25.27, கிழக்கு 51.61.

முதலில் இரண்டு அகலாங்குகளின் சைன் பெறுமானங்களைப் பெருக்குங்கள்: 0.125 × 0.427 = 0.0534. அடுத்து இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும், நெட்டாங்கு வித்தியாசமான 28.27இன் கோசைனையும் பெருக்குங்கள்: 0.992 × 0.904 × 0.881 = 0.790. இரண்டையும் கூட்டினால் 0.8436 வரும். அதன் நேர்மாறு கோசைன் 32.48 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 3,610 கி.மீ.

விடை விசித்திரமாக வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். கணிப்பான் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருக்கலாம். மேற்கு நெட்டாங்குக்குக் கழித்தல் குறி போட மறந்திருக்கலாம், ரொறன்ரோ −79.63, அதை +79.63 என்று போட்டால் கொழும்பிலிருந்து நேர் வடக்கே உள்ள ஏதோ ஓர் இடத்துக்குத் தூரம் காட்டும். மூன்றாவதுதான் அதிகம் நடக்கும் பிழை: 7 பாகை 11 கலை என்பதை 7.11 என்று எழுதுவது. ஒரு பாகைக்கு 60 கலை. 11ஐ 60ஆல் வகுத்தால் 0.18, ஆகவே 7.18.

இதே முறையில் வரும் தூரங்கள்: கொழும்பு–டுபாய் 3,290 கி.மீ, கொழும்பு–ஜித்தா 4,650, கொழும்பு–மெல்பேர்ண் 8,360, கொழும்பு–லண்டன் ஹீத்ரோ 8,715, கொழும்பு–சிட்னி 8,760. பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டை. ஆகவே வேறு இடங்களில் பார்க்கும் எண் சில கி.மீ. கூடிக் குறையும். அதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். ஆனால் அலகைப் பாருங்கள். 3,610 கி.மீ. என்பதும் 2,245 மைல் என்பதும் 1,950 கடல் மைல் என்பதும் ஒரே தூரம். மைல் 1.609 கி.மீ, கடல் மைல் 1.852 கி.மீ.

தூரத்தை நேரமாக்குதல்

பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 870 முதல் 910 கி.மீ. வரை ஓடும். ஆனால் ஓடுபாதைக்கு உருண்டு போகவும், ஏறவும், இறங்கவும் நேரம் எடுக்கும். ஆகவே நடைமுறைக்கு ஒரு சூத்திரம்: தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணித்தியாலம் கூட்டுங்கள். டுபாய்க்கு 3.9 + 0.5, அதாவது நாலரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. தோஹாவுக்கு நாலே முக்கால். ஜித்தாவுக்கு ஆறு. லண்டனுக்குப் பத்தே முக்கால். விமான நிறுவனங்களின் கால அட்டவணையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கால் மணி, அரை மணிதான் வித்தியாசம் இருக்கும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்றோட்டம் உண்டு. நடு அகலாங்குகளில், குளிர்காலத்தில் அது இன்னும் பலமாகும். மேற்கே போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. கிழக்கே வரும் விமானத்தைத் தள்ளிவிடும். அதனால் மெல்பேர்ணுக்குப் போகும் நேரத்தைவிட அங்கிருந்து திரும்பும் நேரம் கூட. லண்டனுக்கு அது மாறி வரும்: போகத்தான் கூட எடுக்கும்.

இரண்டாவது, மூடிய வான்பரப்பு. கொழும்பு–லண்டன் பெருவட்டப் பாதை அரபிக்கடல், ஈரான், கருங்கடல், உக்ரேன் வழியாகப் போகிறது. உக்ரேன் வான்பரப்பு 2022 பெப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. விமானம் சுற்றித்தான் போகவேண்டும், 8,715 கி.மீ. என்பது தரையில் அளந்த குறைந்தபட்சம், பறக்கும் தூரம் அதைவிடக் கூட. மத்திய கிழக்கில் பதற்றம் வந்தால் இதே கதை இன்னும் பெரிதாகும். பயண வாரத்தில் செய்தியைப் பாருங்கள், விமான நிறுவனத்தின் செயலியில் உங்கள் தொலைபேசி இலக்கம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உம்ராவுக்குப் போகும் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பயணிகளுக்கு இந்த நேரக்கணக்கில் இன்னொரு தேவை இருக்கிறது. ஜித்தாவில் இறங்குவதற்கு முன்னரே விமானம் மீக்காத் எல்லையை, அதாவது இஹ்ராம் உடையோடு கடக்கவேண்டிய எல்லையை, கடந்துவிடும். ஜித்தாவில் இறங்கிய பின் இஹ்ராம் அணியலாம் என்று உடையைச் சரக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் எடுக்க வழியில்லை. கட்டுநாயக்கவிலேயே உடுத்திக்கொள்ளுங்கள், அல்லது கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சிறிய கழிவறைக்குள் உடை மாற்ற வரிசை நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

டிக்கற்றில் உள்ள கடிகாரம்

டிக்கற்றில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்பாடு இலங்கை நேரம், வருகை போய் இறங்கும் ஊர் நேரம். இதை விளங்கிக்கொண்டால் மீதி கூட்டல் கழித்தல்தான்.

இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். கட்டார், குவைத், சவூதி மூன்றும் நமக்கு இரண்டரை மணி பின்னால். டுபாய் ஒன்றரை மணி பின்னால். இவை வருடம் முழுக்க மாறாது. மாறுபவைதான் தொல்லை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை; மார்ச் கடைசி ஞாயிறிலும் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். ரொறன்ரோ குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால், கோடையில் ஒன்பதரை. மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் மாறும். மெல்பேர்ணும் சிட்னியும் நமக்கு முன்னால்: ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை.

உண்மையான பயண நேரம் வேண்டுமா? வருகை நேரத்தை இலங்கை நேரமாக மாற்றிவிட்டுக் கழியுங்கள். மேலே சொன்ன டிக்கற்றில் ரொறன்ரோ வருகை 14:00. குளிர்காலம் என்று வைத்தால் 10:30 கூட்டவேண்டும். 24:30, அதாவது மறுநாள் 00:30 இலங்கை நேரம். அதிலிருந்து 03:30ஐக் கழித்தால் 21 மணித்தியாலம். கிழக்கே போகும்போது கழிக்கவேண்டும். 23:50க்குப் புறப்பட்டு மறுநாள் 15:40க்கு மெல்பேர்ணில் இறங்கும் டிக்கற்றை ஜனவரியில் எடுத்தால், 15:40இலிருந்து 5:30 போக 10:10; பயணம் 10 மணி 20 நிமிடம். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைக் கவனிக்காமல், மெல்பேர்ணில் கூட்டிப்போக வரும் மச்சானுக்கு ஒரு நாள் முந்திய திகதியைச் சொல்லிவிடுகிறவர்கள் பலர்.

இதைவிடப் பெரிய ஆபத்து நள்ளிரவு. கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் நெடுந்தூர விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படுகின்றன. டிக்கற்றில் ‘15ஆம் திகதி, 00:40' என்று இருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் நிற்கவேண்டியது 14ஆம் திகதி இரவு. 15ஆம் திகதி பின்னேரம் வான் பிடித்துப் போனால் விமானம் அன்று அதிகாலையிலேயே போயிருக்கும். மறு டிக்கற்றுக்குப் பணம் கட்டவேண்டியும் வரும். 00:40 என்பதைப் பகல் 12:40 என்று வாசிப்பதும் நடக்கிறது. பகல் என்றால் 12:40 என்றே அச்சடித்திருக்கும். வாட்ஸ்அப்பில் டிக்கற் வந்த உடனே, ஒரு தாளில் கிழமையோடு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: ‘வியாழன் 14, நண்பகல், வீட்டிலிருந்து புறப்பாடு.' விமான நேரத்தை அல்ல, வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தை எழுதுவதுதான் பயன்.

இடைத்தங்கல்: தூரம் கொஞ்சம், நேரம் நிறைய

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியாகப் போனால் 3,290 + 11,080 = 14,370 கி.மீ. நேர்பாதையைவிட 370 கி.மீ.தான் கூட, பறக்கும் நேரத்தில் அரை மணிக்கும் குறைவு. லண்டன் வழியாகவும் ஏறக்குறைய அதே அளவு, 14,400. ஆகவே இந்தப் பாதையில் நேரத்தைத் தின்பது சுற்று அல்ல, காத்திருப்பு. அவுஸ்திரேலியாவுக்கு அப்படியல்ல. மெல்பேர்ணுக்குச் சிங்கப்பூர் வழி 8,780 கி.மீ, நேர்பாதையைவிட 420தான் கூட. டுபாய் வழி என்றால் 14,900ஐத் தாண்டும். மலிவு என்று அந்த டிக்கற்றை எடுப்பதற்கு முன், வயதான அம்மா அப்பா அத்தனை மணித்தியாலம் உட்கார முடியுமா என்று யோசியுங்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு இலக்கத்தில் இருக்கவேண்டும். இருந்தால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினாலும், அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கற்றில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. அதோடு டுபாய் போன்ற இடத்தில் பெட்டி வெளியே வந்து விழும். எடுக்கக் குடிவரவைத் தாண்டவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதற்கு விசா வேண்டும். ஒரே பதிவில் ஒன்றரை மணி இடைவெளி தாங்கும். பாஷை தெரியாதவர், நடக்கக் கஷ்டப்படுபவர் என்றால் மூன்று மணி வைத்து, சக்கர நாற்காலியும் டிக்கற் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே இலங்கையருக்கு இடைத்தங்கல் விசா கேட்கிறார்கள், பிரித்தானியாவும் கேட்கிறது. கனடா போன்ற நாட்டின் செல்லுபடியான விசா இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் உங்கள் விசா வகைக்கு அது பொருந்துமா என்று பணம் கட்டுவதற்கு முன்னரே பாருங்கள். அமெரிக்கா வழியாக என்றால் கட்டாயம் விசா வேண்டும். அங்கே குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டும்.

கட்டுநாயக்க கவுண்டரில் பெட்டியை ஒப்படைக்கும்போது கைப்பிடியில் சுற்றும் நீளப் பட்டியை வாசியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெட்டி போய்ச் சேரும் நிலையம். ரொறன்ரோ போகிறவருக்கு அது வை.வை.இசட் ஆக இருக்கவேண்டும். டி.எக்ஸ்.பி என்று மட்டும் இருந்தால், பெட்டி பட்டையில் நகர்வதற்குள் கேளுங்கள். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் சிறு துண்டிலும் அதே எழுத்துக்கள் இருக்கும். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள், பெட்டி வராவிட்டால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

வீட்டிலிருந்து கட்டுநாயக்க

மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் 206 கி.மீ. வீதியால் 300 கி.மீ. அளவில், வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போகவேண்டும். சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஆறரை முதல் ஏழு மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் விமானம் ஜித்தாவையே தொட்டுவிடும். பயணத்தில் எதிர்பாராத தாமதம் அதிகம் வருவதும் இந்தப் பகுதியில்தான்.

பொலன்னறுவைக்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும்; சாரதி வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதியை மறிக்கலாம். அந்த மாதங்களில் பயணம் என்றால் ஒரு நாள் முந்திப் போய் நீர்கொழும்பில் தங்குவதே மேல். மட்டக்களப்பு ரயில் கட்டுநாயக்கவுக்குப் போகாது. கொழும்பு கோட்டையில் இறங்கி, வடக்கே 30 கி.மீ.க்கு மேல் திரும்ப வரவேண்டும். இரவு ரயிலும் யானை கடக்கும் காட்டுப் பகுதிகளில் மெதுவாகத்தான் ஓடும்.

அம்பாறை நகரத்தார் மஹியங்கனை, கண்டி வழியாகப் போனால் பதினெட்டு வளைவில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். எட்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கத்தார் மொனராகலை வழியாக இறங்கி மத்தளைப் பக்கம் தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால், கட்டுநாயக்க வரை நெடுஞ்சாலையிலேயே போகலாம். கி.மீ. கூடும், கட்டணமும் உண்டு, ஆனால் நேரம் முன்கூட்டியே சொல்லக்கூடிய பாதை அது.

இனி பின்னாலிருந்து எண்ணுங்கள். விமானம் 03:30. கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடும்; வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவையும் பார்ப்பார்கள். நான்கு மணி நேரத்துக்கு முன், முந்திய நாள் இரவு 23:30க்கு நிலையத்தில் நில்லுங்கள். வீதிக்கு ஏழு மணி, ரயர் வெடித்தால் மாற்ற, வெள்ளத்தில் நின்றால் காத்திருக்க ஒரு மணி. ஆகவே வீட்டிலிருந்து பின்னேரம் 15:30.

அங்கிருந்து முன்னோக்கி: விமானம் ஏறும் வரை 12 மணித்தியாலம். டுபாய்க்கு 4 மணி 35 நிமிடம், காத்திருப்பு 2 மணி 25 நிமிடம், ரொறன்ரோவுக்கு 14, மொத்தம் 21. பியர்சனில் குடிவரவு, பெட்டி எடுப்பது என்று 2. கூட்டினால் 35 மணித்தியாலம், அதில் ஆகாயத்தில் இருப்பது பதினெட்டரை. இன்சுலின் அல்லது நேரத்துக்கு எடுக்கும் மருந்து உள்ளவர்கள் இந்த 35 மணி நேரத்தை ஒரு தாளில் இலங்கை நேரத்தில் எழுதி, புறப்படும் முன் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த மணிக்கு எந்த வேளை மருந்து என்று அவரே அந்தத் தாளில் குறித்துத் தருவார். மருந்து முழுவதும் கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

வான்காரரிடம் நேரம் சொல்லும்போது ‘15ஆம் திகதி காலை மூன்றரை விமானம்' என்று சொல்லாதீர்கள். ‘14ஆம் திகதி வியாழன் பின்னேரம் மூன்றரைக்குக் கல்லடிக்கு வாருங்கள்' என்று சொல்லி, முதல்நாள் ஒருமுறை கோல் எடுத்து உறுதிப்படுத்துங்கள்.